வேப்பமரத்தைப் பார்த்த ஜன்னல்

அப்பா,

இன்று காலை சமையலறை ஜன்னலுக்குக் கண்ணாடி மாற்ற ஆசாரி வந்திருந்தார். ஆடிக் காற்று இந்த வருடம் பெரியநாயக்கன்பாளையத்தையே பெயர்த்துக்கொண்டு போகிற மாதிரி அடிக்கிறது. கதவு ஒரே அறையில் கண்ணாடியை உடைத்துப்போட்டது. ஆசாரி வாசலில் குந்தி, சுண்ணப்பொடியில் ஆளி எண்ணெய் விட்டு, கண்ணாடி ஓரத்தில் அப்புகிற மக்கைப் பிசைந்துகொண்டிருந்தார். அந்த வாசம் அடுப்படி வரைக்கும் வந்தது. நான் கரண்டியைப் போட்டுவிட்டு நின்றுவிட்டேன்.

பூப்போட்ட கண்ணாடி அது. ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் பூ. அவர் அதைத் தூக்கிப் பிடித்து, "ஏனுங்க, பூ உள்ள பாத்து வரட்டுமுங்களா, வெளிய பாத்து வரட்டுமுங்களா?" என்று கேட்டார். சாதாரணக் கேள்விதான். ஆனாலும் "முதல்ல டீ குடிங்கண்ணா" என்று டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, பின்கட்டுப் படியில் வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்து உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் இருந்த காலத்தில் இத்தனை பேச்சு உங்களிடம் பேசியதில்லை. எங்கே விட்டீர்கள்? எதைச் சொன்னாலும் "செரி அம்மணி" என்ற ரெண்டு வார்த்தையில் முடித்துவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொள்வீர்கள். இன்றைக்கு அப்படி எழுந்து போக முடியாது. கேளுங்கள்.

நம் வளவில் பாதி வீடு மாரியம்மனுக்கு, பாதி வீடு மாதாவுக்கு. ஒரே சனம், ஒரே பண்ணையத்து வேலை, கல்யாணமும் இங்கிட்டும் அங்கிட்டுமாக நடக்கும். நீங்கள் மாரியம்மன் வீடு, அம்மா மாதா வீடு. அதில் யாருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர. சின்ன வயதில் உங்களுக்கு அம்மை போட்டுப் பிழைக்கமாட்டீர்கள் என்று ஆனபோது, உங்களைப் பெற்றவள் மாரியாத்தாவிடம் ஒரு சொல் கொடுத்தாளாம், பிழைத்தால் இவன் இன்னொரு சாமி வீட்டு நடை ஏறமாட்டான் என்று. சொன்னவள் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகியும் அந்தச் சொல்லை நீங்கள் விடவில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமையும் சனிக்கிழமைச் சாயங்காலமும் அம்மாவைக் கேரியரில், என்னை முன் கம்பியில் உட்காரவைத்து மாதா கோயில் வரைக்கும் சைக்கிள் மிதிப்பீர்கள். நாங்கள் உள்ளே போவோம். நீங்கள் கோயிலின் பக்கவாட்டுச் சுவரைப் பார்த்த வேப்பமரத்தடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு, பூசை முடிகிற வரைக்கும் நிற்பீர்கள். உட்காரக்கூட மாட்டீர்கள். அம்மாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏனுங்க, உள்ள வந்தா எங்க மாதா உங்களைப் புடிச்சா வெச்சுக்கும்?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பாள். நீங்களும் ஒவ்வொரு வாரமும் அதே பதிலைத்தான் சொல்வீர்கள். "நா வெளிய நின்னாத்தானே நீ திரும்பி வருவே?"

ஒரு ஐப்பசி மழையில் வந்த காய்ச்சலில் அவள் திரும்பி வராமலே போய்விட்டாள். அப்போது நான் திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியைக் கோயிலுக்குள் தூக்கிக்கொண்டு போனபோது, படி வரைக்கும் ஒரு கை கொடுத்து வந்த நீங்கள், முதல் படியில் உங்கள் இடத்தை இன்னொருவருக்கு விட்டுவிட்டு ஒதுங்கினீர்கள். நான் திரும்பிப் பார்த்தேன். தோளில் இருந்த துண்டு கைக்கு வந்திருந்தது. மழையில் அதே மரத்தடிக்கு நடந்தீர்கள். மழைக்கு ஜன்னல் கதவுகளையெல்லாம் சாத்தியிருந்தார்கள், உள்ளே பாட்டும் சாம்பிராணியும் செபமுமாக இருந்தது. எனக்கு அதில் எதுவும் காதில் விழவில்லை. வெளியே நீங்கள் நனைகிறீர்கள் என்பது மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது.

கோயிலுக்குப் பின்னால் கல்லறைக்கு நீங்களும் வந்தீர்கள், மண் போட்டீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு ரொம்ப நேரம் கழித்து, "உள்ள என்ன சொன்னாங்க அம்மணி?" என்று கேட்டீர்கள்.

"செபம் சொன்னாங்கப்பா. அம்மா பேரைச் சொன்னாங்க."

"பேரைச் சொன்னாங்களா?"

"சொன்னாங்கப்பா."

"செரி" என்றீர்கள். சரியாகவில்லை என்பது எனக்குத் தெரியும். அவளைக் கட்டிக்கொண்டு வந்த மனுசனுக்கு, அவள் பெயரைச் சொல்லி வழியனுப்புவதைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.

அதற்குப் பிறகும் நீங்கள் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் சைக்கிளை எடுப்பதை நிறுத்தவில்லை. கேரியரில் நான். முன் கம்பி காலி. யாருக்காக நிற்கிறீர்கள் என்று ஊரில் கேலி பேசினவர்களும் உண்டு. கேட்டால், "புள்ளையக் கூட்டிட்டு வாரேன்" என்பீர்கள். பஸ் ஏறித் திருப்பூர் போய் வருகிற பெண்ணுக்கு ஊருக்குள்ளே இருக்கும் கோயிலுக்குத் துணை!

அடுத்த வருடம் கோயிலைப் புதுப்பிக்கிற வேலை ஆரம்பித்தது. பழைய மரக்கதவு ஜன்னல்களை எடுத்துவிட்டு வண்ணக் கண்ணாடி வைக்கப்போவதாகவும், இறந்துபோனவர்கள் நினைவாகக் குடும்பத்தார் ஒவ்வொரு ஜன்னலை ஏற்றுக்கொள்ளலாம் என்றும் பங்குச் சாமியார் பூசையில் அறிவித்தார். மரக்கதவுகள் திறந்துதானே இருந்தன, மரத்தடியில் உங்களுக்கும் கேட்டிருக்கிறது. திரும்பி வருகிற வழியில், மிதித்துக்கொண்டே, பின்னால் திரும்பாமல் கேட்டீர்கள்.

"அதுல பேரு எழுதுவாங்களா கண்ணு?"

எருமையை விற்ற கதையை நான் சொல்லமாட்டேன், உங்களுக்குப் பிடிக்காது. பீடத்தை ஒட்டிய பெரிய ஜன்னல்களைத் தறி வைத்திருந்த வீட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். நமக்கு வந்தது பக்கவாட்டுச் சுவரில் ஒரு சின்ன ஜன்னல். உக்கடத்துப் பக்கம் இருந்த கண்ணாடிப் பட்டறைக்கு நாம் இரண்டு பேரும் போனோம். ஆரோக்கிய மாதா படம் என்று முடிவாகியிருந்தது, அம்மா பெயர் ஆரோக்கியம் அல்லவா. பட்டறைக்காரர் காலடியில் ரோசாப்பூ போடுவதாகச் சொன்னார். நீங்கள் துண்டுக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்ததை எடுத்து அவர் மேசையில் வைத்தீர்கள். முற்றிய சோளக்கருது.

"ரோசாவை அவ எங்கீங்க கண்டா? இதைப் போடுங்க. சோளக்காட்டுலதானுங்க நா அவளைப் பாத்தது."

அந்த ஆள் என்னைப் பார்த்தார், நான் உத்தரத்தைப் பார்த்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் போட்டுக்கொடுத்தார் புண்ணியவான்.

என் கவலை வேறு. இந்த மாதிரிக் கண்ணாடி உள்ளே நின்று பார்க்கிறவர்களுக்குத்தான். பகல் வெளிச்சம் வெளியிலிருந்து பாய்ந்தால்தான் நிறம் எரியும். வெளியே நின்று பார்த்தால் சட்டியின் அடியைப் பார்த்த மாதிரி கறுப்பாகத்தான் தெரியும். பெரிய ஜன்னல்களை வைத்த அன்றே அதைப் பார்த்துவிட்டேன். பட்டறையிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது உங்களிடம் சண்டைக்கு வந்தேன். "எருமையை வித்துப்போட்டு, நீங்க என்னத்தைப் பாப்பீங்க? ஒருக்கா, ஒரே ஒருக்கா உள்ள வாங்கப்பா. மாரியாத்தா கோவிச்சுக்க மாட்டா."

"அவ கோவிச்சுக்க மாட்டா அம்மணி. சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குதல்ல."

"அப்ப பாக்கவே மாட்டீங்களா?"

"பேரு இருக்கும்ல உள்ள. போதும்" என்றீர்கள். கருமத்தம்பட்டியில் இறங்கும் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தீர்கள். போதவில்லை என்று உங்கள் முதுகு சொன்னது.

பெரிய ஜன்னல்களைப் பட்டறை ஆளே வந்து வைத்தார். நம்முடையது பின்னால் தனியாக வந்ததால் உள்ளூர்க் கொத்தனாரே வைத்தார். வெளிப்பக்கம் சாரம் கட்டி, அதன்மேல் நின்று, சட்டத்துக்குள் கண்ணாடியை இறக்கி, சுற்றி மக்கு அப்பி, சிமெண்டும் பூசிவிட்டு இறங்கிவிட்டார். மறுநாள் நான் கோயிலுக்குள் போய்ப் பார்க்கிறேன், மாதா இருக்கிறாள், சோளக்கருது இருக்கிறது, கீழே 'ஆரோக்கியம் நினைவாக' என்ற எழுத்து அத்தனையும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரித் திரும்பிக் கிடக்கிறது. கூட்டிப் பெருக்க வந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும், வேறு எதற்கு வேண்டுமானாலும் சிரிக்கட்டும், என் அம்மா பெயருக்கா?

கொத்தனார் வீட்டு வாசலில் போய் நான் போட்ட சத்தம் வளவு முழுக்கக் கேட்டிருக்கும். "என்னுங்கண்ணா, கண்ணு தெரியாதா உங்களுக்கு?"

அந்த மனுசன் உண்மையாகவே விழித்தார். "நான் நின்னு படிச்சுப் பாத்துத்தான் வெச்சேன் அம்மணி. ஆரோக்கியம்னு நேராத்தான் இருந்துச்சு."

"எங்க நின்னு?"

"சாரத்து மேலதான். போர்டுன்னா ரோட்டைப் பாத்துத்தானே வெப்பாங்க? எந்த ஊருல ஊட்டுக்குள்ள பாத்து போர்டு வெச்சிருக்குறாங்க?"

இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அவர் வைத்ததெல்லாம் கடைப் பெயரும் வீட்டுப் பெயரும் கல்வெட்டும். எழுத்து என்றால் தெருவில் போகிறவன் படிப்பதற்கு. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாமியாரும் வந்து பார்த்தார். திங்கட்கிழமை சிமெண்டைக் கொத்தி எடுத்து, திருப்பி வைத்துவிடலாம், உடையாமல் வருவது மாதாவின் கையில் என்றார். நான் வந்து உங்களிடம் சொன்னேன். "செரி" என்றீர்கள். உடைந்துவிடுமா என்றுகூடக் கேட்கவில்லை.

நடுவில் சனிக்கிழமை வந்தது. சாயங்காலப் பூசை. மழை மூட்டம், பூசை பாதி நடக்கும்போதே வெளியே இருட்டிவிட்டது. உள்ளே எல்லா டியூப் லைட்டும் எரிந்துகொண்டிருந்தன. கோயிலைத் திறந்து பூட்டுகிற நம் கோயில்பிள்ளை அண்ணனை உங்களுக்குத் தெரியுமே, கரண்டு பில் அவர் வீட்டுக்கு வருவது மாதிரிக் கடைசிப் பாட்டு முடிவதற்குள் ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டிக்கொண்டு வருவார். சனங்கள் தட்டுத்தடுமாறித்தான் வெளியே வருவோம். அன்றைக்கு நன்மை அப்பம் வாங்கிவிட்டு நான் முட்டி போட்டிருந்தபோது, பக்கவாசலில் உங்கள் குரல் கேட்டது. என் பெயரைச் சொல்லி. நீங்கள் ஒருநாளும் பூசை நேரத்தில் கூப்பிட்டதில்லை. பதறி ஓடிவந்தேன். படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தீர்கள். துண்டு கையில் இருந்தது.

"அம்மணி, லைட்டை அமத்த வேண்டாம்னு சொல்லு. சாமியைச் சித்த வெளிய வரச்சொல்லு."

"என்னாச்சுங்கப்பா?"

"ஓடு கண்ணு."

ஓடினேன். சாமியார் கடைசி ஆசீர் கொடுத்து இறங்கியதும் சொன்னேன். அவர் பூசை உடுப்போடே பக்கவாசல் வழியாக இறங்கிப் போனார். நான் பின்னால் போகலாம் என்று திரும்பினால், கோயில்பிள்ளை அண்ணன் சுவிட்ச் பலகைப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். "விடு பொண்ணே" என்கிறார், "விடமாட்டனுங்க" என்கிறேன். அதனால் வெளியே நடந்ததை நான் பார்க்கவில்லை. திறந்திருந்த கதவு வழியாகக் கேட்டேன்.

"சாமி, தப்பா எடுத்துக்காதீங்க. இங்கத்தால வந்து எங்கூட ஒரு நிமிசம் நில்லுங்க. இந்த மரத்துக்கிட்ட."

பிறகு நீங்கள் படிக்க ஆரம்பித்தீர்கள். பஸ் போர்டு பார்த்துப் பழகின படிப்புதானே உங்களுடையது, ஒவ்வொரு எழுத்தாகத்தான் வரும். ஆ. ரோ. க். கி. யம். வீட்டில் 'ஏம்புள்ள' என்று கூப்பிட்டு மட்டுமே நான் கேட்டிருக்கிறேன். அவள் பெயரை உங்கள் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. கோயில்பிள்ளை அண்ணனும் இழுப்பதை நிறுத்திவிட்டார்.

"வெளிய நின்னவனுக்குத் தெரியற மாதிரி வந்துபோச்சுங்க சாமி" என்றீர்கள். "உள்ள இருக்குறவங்களுக்கு மாதாவை எந்தப் பக்கம் பாத்தாலும் மாதாதானுங்களே. எனக்கு எழுத்துதானுங்க வேணும். திங்கக்கிழமை எடுக்கோணும்னா எடுங்க. எடுக்காட்டி..."

அதற்கு மேல் உங்களுக்கு வரவில்லை. உங்கள் வாழ்நாளில் நீங்கள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை, அதனால் கேட்டு முடிக்கவும் தெரியவில்லை.

சாமியார் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "இருக்கட்டும்" என்றார். "அது பாட்டுக்கு இருக்கட்டும்."

உள்ளே வந்தவர் என்னைப் பார்த்து, "உங்கப்பாகூட நின்னு பாத்திருக்கேனா நான் இத்தனை வருசத்துல" என்றார். அப்புறம் கோயில்பிள்ளை அண்ணனிடம், சனிக்கிழமையில் சனங்கள் போன பிறகும் அந்தப் பக்கத்து லைட் மட்டும் கொஞ்ச நேரம் எரியட்டும் என்று சொன்னார். அண்ணனுக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! நான் வெளியே வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது, நிமிர்ந்து பார்க்க விடாமல் என்னைக் கேரியரில் ஏற்றிவிட்டீர்கள்.

அடுத்து வந்த சனிக்கிழமைகளிலெல்லாம் எனக்குக் கம்பெனியில் ஓவர்டைம், அந்தத் தை மாதமே என்னை இந்தப் பெரியநாயக்கன்பாளையத்துக்குக் கட்டிக்கொடுத்துவிட்டீர்கள். நான் வந்தால் திருவிழாவுக்கு வருவேன், ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பூசைக்கு வருவேன். காலையில் வெளியே நின்றால் அந்த ஜன்னல் கறுப்பு. உள்ளே உட்கார்ந்து அம்மா பெயரைத் திரும்பின எழுத்தில் படித்துப் படித்து, எனக்கு அப்படியே பழகிப்போனது. சனிக்கிழமைச் சாயங்காலம் நீங்கள் மட்டும் சைக்கிளில் போய் நின்றுவிட்டு வருவதாக வளவில் சொல்வார்கள். "இப்ப யாரைக் கூட்டிட்டு வரப் போறீங்க?" என்று போனில் கேட்டேன். பக்கத்து வீட்டுப் போன், நீங்கள் அதில் கத்திக் கத்திப் பேசுவீர்கள். அன்றைக்கு மட்டும் மெதுவாகச் சொன்னீர்கள். "உங்கம்மாளைப் பாத்துட்டு வாரேன்."

தொண்ணூறுகள் முடிவதற்குள் நீங்களும் போய்விட்டீர்கள். உங்கள் முறைப்படிதான் எல்லாம் நடந்தது. பறை, பாடை, பெரியப்பா மகன் கையில் கொள்ளிச்சட்டி. சுடுகாட்டுக்குப் போகிற வழி கோயிலைத் தாண்டித்தான். நம் ஊரில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை, ஊர் முடிகிற இடத்தில் நின்றுவிட வேண்டும். ஊர் முடிகிற இடம் எது? அந்த வேப்பமரம்தான், அப்பா. எத்தனை சாவுக்கு அங்கே நின்று திரும்பியிருப்பேன், அன்றைக்குத்தான் உறைத்தது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மரத்தடியில் பாடையை இறக்கினார்கள். தலைமாட்டில் நான் நின்றேன். கோயில் பூட்டிக் கிடந்தது, பூசை இல்லாத நாள். அப்போது உள்ளே சட் சட்டென்று சுவிட்ச் போடுகிற சத்தம். யாரும் சொல்லவில்லை. அந்தக் கஞ்சக் கோயில்பிள்ளை அண்ணன் தானாகவே உள்ளே போய் எல்லா லைட்டையும் போட்டிருக்கிறார். ஒன்றைக்கூட விடவில்லை.

உங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பறைச்சத்தம் சிறுத்துக்கொண்டே போனது. பெண்களெல்லாம் திரும்பிவிட்டார்கள். நீங்கள் நின்ற இடத்தில் நான் நின்று, தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

நீலம். மாதா. காலடியில் உங்கள் சோளக்காடு. அதற்குக் கீழே எழுத்து, நேராக. உங்களை மாதிரியே ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். அம்மா பெயரை அந்த ஜன்னலில் நேராகப் படித்தது அன்றைக்குத்தான். இதைத்தான் நீங்கள் வாரம் தவறாமல் பார்த்தீர்களா அப்பா? இத்தனை அழகாகவா இருந்தது? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஒரே ஒரு சனிக்கிழமை உங்கள் பக்கத்தில் நின்றிருப்பேனே. அழுதேன், நன்றாகவே அழுதேன், யாரும் இல்லை.

கொஞ்சம் கழித்துப் பக்கவாசலில் அண்ணன் எட்டிப் பார்த்தார். "அம்மணி, அமத்தட்டுமா?"

"சித்த இருக்கட்டுமுங்கண்ணா" என்றேன். அவரும் இறங்கி வந்து என்கூட நின்றார்.

அம்மா கோயிலுக்குப் பின்னால், நீங்கள் சுடுகாட்டில், நடுவில் அந்த மரம். இன்றைக்கும் எந்தக் கோயிலுக்குப் போனாலும், பூசை முடிந்து வெளியே கால் வைத்ததும் என் கண் முதலில் ஒரு சைக்கிளைத்தான் தேடுகிறது. கிடையாது என்று தெரியும். தெரிந்துதான் தேடுகிறேன்.

டீ குடித்து முடித்த ஆசாரி, கண்ணாடியை ஏந்திக்கொண்டு மறுபடியும் கேட்டார். நான் எழுந்து போனேன்.

"பூ வெளிய பாத்து வரட்டுமுங்கண்ணா."

"வெளிய பாத்து வெச்சா தூசி அடையுமுங்க. அந்தப் பக்கம் வெறும் சந்து வேற. யாருங்க பாக்கப் போறாங்க?"

"அடைஞ்சா தொடச்சுக்கறேன்" என்றேன். "யாராச்சும் நிப்பாங்க."